படம் கீறுறதும் நாங்கதான் பத்த வைக்கிறதும் நாங்கதான்: கேள்வி பதில்

போன கிழம கேள்வி இருந்தாப் போடுங்க எண்டு சொன்னதுக்கு இவ்வளவு வரும் எண்டு நினைக்கல்ல. வீட்டுப் பிளான், சிற்பம், வெல்டிங், மரவேல எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ செய்யிற எங்கட மட்டக்களப்புப் பட்டறையப் பத்தித்தான் கூடக் கேள்வி. தெரிஞ்சதச் சொல்றன்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அண்ண, நீங்க ஆக்கிடெக்டா, ஆட்டிஸ்டா, வெல்டிங் பாஸா? வாசல்ல இரிக்கிற பேர்ப்பலகையப் பாத்தும் ஒண்டும் விளங்கல்ல.

பதில்: மூண்டு பேரும் ஒரே மேசையில இரிக்கம் தம்பி, அவ்வளவுதான். வழமையா என்ன நடக்கிற, ஒராள் கொழும்பில இருந்து படம் கீறி அனுப்புவார், இஞ்ச வேல செய்யிற பாஸ் (மேசன், வெல்டிங்காரர் மாதிரித் தொழிலாளி) அதப் பாத்துப்போட்டு இது சரிவராது எண்டு தன்ட இஷ்டத்துக்குச் செய்வார், மறுகா ரெண்டு பேரும் ஒராள ஒராள் ஏசிக்கொண்டு திரிவாங்க. நாங்க முழுப்படம் கீற முதலே ரெண்டு சாமான் சந்திக்கிற மூலை ஒண்ட உண்மையான அளவில செஞ்சு பாக்கிற. அந்த மூட்டுச் சரிவந்தா மிச்சப் படம் தன்ட பாட்டில வரும். புதுசு ஒண்டும் இல்ல, 1919ல ஜேர்மனியில வைமார்ல தொடங்கின பௌஹவுஸ் பள்ளிக்கூடத்தில நெசவு, மரம், உலோகம் எண்டு பட்டறை பட்டறையாத்தான் படிப்பிச்சவங்க, பட்டறைக்கு ஒரு ஓவியரும் ஒரு கைவினைக்காரரும் எண்டு ரெண்டு வாத்திமார்.

கேள்வி (கல்லடி): கடலுக்குக் கிட்டத்தான் வீடு. பொக்ஸ் பாரில (உள்ளுக்குக் கோறையான சதுர இரும்புக் குழாய்) செஞ்ச வாசல் கேட் ரெண்டு மாரிக்குள்ள கறள் பிடிச்சு உதிருது. வருசா வருசம் பெயிண்ட் அடிச்சும் சரிவருதில்ல.

பதில்: இது நானே பட்ட பாடு. நான் முதல் முதல் செஞ்ச கேட்டும் கடற்கரைப் பக்கம்தான். வெளியால பெயிண்ட் புதுசு மாதிரி மினுங்கிது, கீழ்ச்சட்டத்தப் பெருவிரலால அமத்திப் பாத்தன், விரல் உள்ளுக்குப் போயிற்று. பாரின்ட வாய அடைக்காம விட்டது என்ட பிழதான், உப்புக்காத்தும் மழைத்தண்ணியும் உள்ளுக்குப் போய் நிண்டு உள்ளுக்கால தின்டு முடிச்சிரிக்கி. வீட்டுக்காரர் ஒரு சொல் ஏசல்ல, தேத்தண்ணி தந்தார், அது ஏச்ச விட மோசம்.

அதால ரெண்டில ஒண்டச் செய்ங்க. சுத்திவர முழுசா வெல்ட் பிடிச்சு காத்துப் போகாம அடைங்க, இல்லாட்டி கீழ்ப்பக்கம் 6 மில்லிமீற்றர் ஓட்டை போட்டுத் தண்ணி வடிய விடுங்க. அரைகுறையா அடைக்கிறதுதான் ஆபத்து. ஜீஐ, அதாவது நாகம் (ஸிங்க்) பூசின இரும்பு வாங்கினாலும் வெல்ட் பிடிச்ச இடத்தில நாகம் எரிஞ்சு போயிரும், அந்த இடத்துக்கு ஸிங்க் பெயிண்ட் கட்டாயம். இன்னொண்டு, ஜீஐ வெல்ட் பிடிக்கக்குள்ள வாற வெள்ளப் புகைய இழுத்தா அண்டைக்கு ராவு குளிர்காய்ச்சல்தான். பால் குடிச்சாச் சரி எண்டு பாஸ்மார் சொல்லுவாங்க, பால் ஒண்டும் செய்யாது, பிடிக்கிற இடத்தில நாகத்த முதல்ல அரைச்சு எடுத்துப்போட்டு வெட்டவெளியில நிண்டு பிடிங்க. ஸ்டெயின்லெஸ் போடப்போறண்டா 304 எண்ட ரகம் கடற்கரையில மண்ணிறமாக் கறை பிடிக்கும், 316 கேளுங்க, அதில 2-3 வீதம் மொலிப்டினம் எண்ட உலோகம் இரிக்கி, அதுதான் உப்ப எதிர்த்து நிக்கிற. விலை கூடத்தான்.

கேள்வி (கல்முனை): லேசர் மெஷின் ஒண்டு எடுத்திரிக்கன். பிவிசி ஷீட் வெட்டலாமா?

பதில்: வேணாம். சூடு பட்டா ஹைட்ரஜன் குளோரைட் புகை வரும், உங்கட நெஞ்சுக்கும் கூடாது, மெஷினும் கறள் பிடிச்சுச் சாகும். பிவிசியை ரவுட்டரில (சுத்துற அலகால வெட்டுற மெஷின்) வெட்டுங்க, லேசருக்கு அக்ரிலிக்.

கேள்வி (மருதமுனை): எங்கட வாப்பா தறி போடுறவர் அண்ண. சாரி, சாரன விட்டா கட்டடத்துக்குள்ள எங்கட நெசவுக்கு இடம் இரிக்கா?

பதில்: நல்லா இரிக்கி தங்கச்சி. எங்கட நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா கட்டின பெந்தோட்ட பீச் ஹோட்டல்ல வரவேற்பு மண்டபத்துக் கூரையில ஈனா டி சில்வாட பத்திக் (மெழுகு வச்சுச் சாயம் போடுற) துணிதான். கண்டியில மினட் டி சில்வா எண்ட கட்டடக்கலைஞர் தும்பற பாயையே (அந்தப் பக்கத்துக் கைநெசவுப் பாய்) வீட்டுக்குள்ள கொண்டு வந்தவ. ஆனா எங்கட ஆக்கள் விடுற பிழ என்னெண்டா, யன்னலுக்கு ஒரு அளவு வச்சுப்போட்டு அதுக்குத் துணிய வெட்டுற. வெட்டின ஓரம் பிரிஞ்சு போகும், கரையின்ட அழகும் போயிரும். வாப்பாட தறி எவ்வளவு அகலம் எண்டு கேட்டு அந்த அளவுக்கு மரச்சட்டத்த அடிக்கணும், தறிதான் வீட்டுக்கு அளவு சொல்லணும். நேர் வெயில் படுற பக்கம் போடாதீங்க, சாயம் வெளிறும். கழுவ ஏலுமான மாதிரி கழட்டிப் பூட்டுற சட்டமா இரிக்கட்டும்.

கேள்வி (கல்லாறு): மகள் இந்த லைனுக்கு வரணும் எண்டு நிக்கிறா, எங்க படிக்கிற?

பதில்: கட்டடக்கலைக்கு மொறட்டுவ பல்கலைக்கழகம், ஏஎல் றிசல்ட்டோட தனியா ஒரு திறன் பரீட்சையும் இரிக்கி. சித்திரம், சிற்பம் எண்டா கல்லடியிலயே விபுலானந்தா நிறுவகம். எதுக்குப் போனாலும் லீவுக்கு ஒரு மரக்காலை (மரம் அரியிற இடம்) பக்கம் அனுப்புங்க.

கேள்வி (அக்கரைப்பற்று): இதெல்லாம் காசுக்காரருக்குத்தானே?

பதில்: அமெரிக்காவில அலபாமாவில ரூரல் ஸ்டூடியோ எண்டு 1993ல தொடங்கின ஒண்டு, ஓபர்ன் பல்கலைக்கழகப் பிள்ளையள் படம் கீறி தாங்களே வீடும் கட்டுற, அதுவும் வசதி குறைஞ்ச ஊராக்களுக்கு. 20,000 டொலருக்குள்ள ஒரு வீடு எண்டு 2005ல இருந்து ஒரு திட்டமும் நடத்தினவங்க. ஆனா மறைக்காமச் சொல்றன், எங்கட பட்டறையில கைவேல கூடினா கூலியும் கூடும்தான்.

கேள்வி (கூத்தாடுற ஒராள், ஊர் போடல்ல): வடமோடிக் கூத்தில ராசாட முடி (கிரீடம்) சரியான பாரம். லேசாச் செஞ்சு தருவீங்களா?

பதில்: ஒருக்காச் செஞ்சு மூக்குடைபட்ட கதை இது. ரெஜிபோமில பஞ்சு மாதிரி ஒண்டு செஞ்சு குடுத்தன், ஆடினவர் களரியால (கூத்தாடுற இடம்) வந்து சொன்னார், "பாரமான முடி தலையில குந்தியிரிக்கும், நான் சுத்தினா அதுவும் சுத்தும், இது நான் சுத்த அது நிக்கிது" எண்டு. இப்ப மேல மெல்லிய பிளைவூட், பாரத்த அடி வளையத்தில மட்டும் வைக்கிற. ஆனா தலையளவ மட்டும் எழுதி அனுப்பினாச் சரிவராது. மத்தளக்காரரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வாங்க, முத்தத்தில நாலு ஆட்டம் ஆடிக்காட்டுங்க, அதப் பாத்துத்தான் அளவு எடுக்கிற.