என் பணம் எந்த மேசையில் நிற்கிறது?

(சம்பளப் பட்டியல் போடும் வேலையில் 22 வருஷம் இருந்துவிட்டு, ஆலை மூடியபோது தானும் வேலையிழந்த ஒருவர், வேலையில்லாக் காலப் பணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஆகஸ்ட் மாதம் எங்கள் ஷிப்ட்டில் 14 பேரை நிறுத்திவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். ஏழு வாரம் ஓடிவிட்டது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டால், "உங்க கம்பெனி ரெக்கார்டுல நீங்க இன்னும் லீவுலதான் இருக்கீங்க" என்கிறார்கள். இத்தனை நாள் யாருக்கம்மா லீவு கொடுப்பார்கள்?

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த லீவைக் கொடுத்தது என்னைப் போன்ற ஒருத்திதான்.

மாதாமாதம் கம்பெனி இ.எஸ்.ஐ. போர்ட்டலில் ஒரு பட்டியல் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் என்று இருக்கும். நாள் பூஜ்யம் என்றால் ஏன் பூஜ்யம் என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லீவு, வேலையை விட்டு விலகினார், ஓய்வு, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் என்று வரிசையாக இருக்கும். சந்தா கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. 14-ஆம் தேதி ராத்திரி போர்ட்டல் நத்தை மாதிரி ஊரும். 400 பேர் பட்டியலில் பூஜ்யம் விழுந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒவ்வொருவராகக் காரணம் தேடிக்கொண்டா இருப்போம்? "லீவு" என்று தட்டிவிட்டால் கடைசி வேலை நாள் எது என்ற கேள்வியும் வராது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைப்போம். அந்த அடுத்த மாதம் வராது.

எனவே உங்கள் பணம் இப்போது கிளை அலுவலகத்தில் நிற்கவில்லை, உங்கள் பழைய கம்பெனியின் சம்பளப் பிரிவு மேசையில் நிற்கிறது. எச்.ஆரை விட்டுவிட்டு அந்த மேசையில் இருப்பவரைப் பிடியுங்கள். "கடைசி வேலை நாள் இந்தத் தேதி, காரணம் ஆட்குறைப்பு, பதிவைச் சரிசெய்து கொடுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். அந்த மின்னஞ்சல் நகலையும், வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தையும் கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு இந்த விண்ணப்பத்தைக் கம்பெனிதான் அனுப்பிவைக்க வேண்டும் என்று இருந்தது. 2020-ல் அதை மாற்றி, தொழிலாளி நேராக விண்ணப்பிக்கலாம், கம்பெனியிடம் சரிபார்க்கும் வேலை கிளை அலுவலகத்துடையது என்று ஆக்கிவிட்டார்கள். "கம்பெனியில் எழுதி வாங்கி வாங்க" என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், இதை மரியாதையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டிருப்பது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1-ல் சோதனை முறையில் தொடங்கி, அவ்வப்போது நீட்டித்துக்கொண்டு வருகிற திட்டம். அதனால் உங்களுக்கு வேலை போன தேதி நீட்டிப்புக்குள் வருகிறதா என்பதே கிளை அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இரண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறாறு மாதம். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள், அதற்கு முன்னால் உள்ள மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர், விருப்ப ஓய்வில் போனவர் ஆகியோருக்குக் கிடையாது.

தொகை என்ன வரும்? கடைசி நான்கு சந்தாக் காலச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி. அதில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. மாதம் 18,000 ரூபாய் என்றால் 24 மாதத்துக்கு 4,32,000. நாளுக்கு 591 ரூபாய் சொச்சம், பாதி 295 ரூபாய் சொச்சம். 90 நாளுக்கு ஏறத்தாழ 26,600 ரூபாய். ஆயுளில் ஒரே தடவைதான். கையில் இன்னொரு வேலை உறுதியாகி, பத்து நாளில் சேரப்போகிறீர்கள் என்றால், அந்தப் பத்து நாளுக்காக இதைச் செலவழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று. நிறுத்தும்போது எச்.ஆர். ஒரு தாளை நீட்டி, "ராஜினாமான்னு எழுதிக் குடுத்தா அனுபவச் சான்றிதழ் நல்லா தருவோம்" என்று சொன்னாரா? கையெழுத்துப் போட்டீர்களா? அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாள் உங்களுக்கு எதிராகவே பேசும். நான் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து அப்படித் தாள் நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். இனி நிறுத்தப்படப் போகிறவர்களுக்காவது இது உதவட்டும்: தானாக விலகவில்லை என்றால் விலகுகிறேன் என்று எழுதாதீர்கள்.

கேள்வி: திருப்பூரில் 2019-லிருந்து தையல் பிரிவில் இருந்தேன். வேலை போய் பி.எஃப். பணம் கேட்டு மூன்று முறை போட்டுவிட்டேன். மூன்று முறையும் நிராகரிப்பு. "பெயர் பொருந்தவில்லை" என்று வருகிறது. எனக்கு ஒரே பெயர்தான் மேடம்!

பதில்: ஒரே பெயர்தான், ஆனால் இனிஷியல் எங்கே நிற்கிறது? ஆதார், பி.எஃப்., பாங்க் பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும். இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் அப்பா பெயரோ கணவர் பெயரோ முழுசாக விரிந்து நிற்கும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு, இந்தக் கம்ப்யூட்டர்கள் கொடுக்கிற தண்டனை இது.

நான் 22 வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இனிஷியலை முன்னால் போட்டே பதிந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழகினோம். எங்கள் ஆலை மூடிய வருஷம் என் சொந்தக் கிளெயிம் திரும்பி வந்தது, பெயர் பொருந்தவில்லை என்று. பதிவைத் திறந்து பார்த்தேன். ஆதாரில் பின்னால், பி.எஃப்.பில் முன்னால். பதிந்தது யார் என்றால் நானேதான். அந்த ராத்திரி, என் கையால் அப்படிப் பதிந்த அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லப் பிடிக்கவில்லை.

உங்கள் விஷயம் சுலபம். உங்கள் யூஏஎன் எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு எடுத்ததாக இருந்தால், பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் நீங்களே போர்ட்டலில் திருத்தலாம். 2025 ஜனவரியில் வந்த வசதி இது. நீங்கள் 2019-ல் சேர்ந்தவர். அதற்கு முன்னால் வேறெங்கும் பி.எஃப். பிடிக்கவில்லை என்றால் இது உங்களுக்குப் பொருந்தும். ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் போனால், எது எதோடு பொருந்துகிறது என்று உங்களுக்கே தலை சுற்றும். பெயர் சரியான பிறகு பாங்க் கணக்கு 'சரிபார்க்கப்பட்டது' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காசோலைப் படம் தெளிவில்லை என்று முன்பெல்லாம் நிறைய கிளெயிம் விழும். 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் படமே ஏற்ற வேண்டியதில்லை.

அடுத்தது வேலை விட்ட தேதி. அது காலியாக இருந்தால் முழுத் தொகைக்கான படிவம் 19 திறக்காது. கம்பெனி போடவில்லையென்றால், கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓடிபி வைத்து நீங்களே போடலாம். தேதியைக் கடைசிச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் போடுங்கள். தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதற்குப் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், முழுவதையும் எடுக்க 2 மாதத்துக்குப் பதில் 12 மாதம் என்று 2025 அக்டோபரில் பி.எஃப்.பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. விண்ணப்பிக்கிற அன்று போர்ட்டல் எதை அனுமதிக்கிறதோ அதைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 72(7)-ஆவது பத்தியைக் குறிப்பிட்டுப் புகார் எழுதுங்கள். குறையில்லாத கிளெயிமை 20 நாளில் முடிக்க வேண்டும். குறை இருந்தால் அதையும் அந்த 20 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். தக்க காரணமில்லாமல் தாமதமானால் பி.எஃப். ஆணையரின் சம்பளத்திலிருந்து 12 சதவீத வட்டி பிடிக்கலாம் என்றுகூட அதில் இருக்கிறது. பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் பத்தி எண்ணை எழுதினால் பதில் வருகிற வேகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் பி.எஃப். புகார் செய்வதற்கென்றே இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். தளம் இருக்கிறது. மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாமும் நடக்கிறது. உங்கள் தாள்களோடு நேரில் போய் உட்காருங்கள்.

கேள்வி: ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அவர் செய்யப்போவது மேலே சொன்னதைத்தான், உங்கள் ஓடிபியை வாங்கிக்கொண்டு. ஓடிபி போனால் பாங்க் கணக்கு எண்ணையும் மாற்றலாம் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: விருதுநகரிலிருந்து எழுதுகிறேன். பட்டம் முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, சுய உறுதிமொழி ஆவணம் கொடுத்தீர்களா? நான் இன்னும் வேலையில் சேரவில்லை, வருமானம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய தாள் அது. பாதிப் பேருக்கு நிற்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பதில் அங்கேதான் போய் முடிகிறது. கூடவே, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தீர்களா என்றும் பாருங்கள். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாவது தவறியவருக்கு 200. அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கில் விழும். இந்தக் காலத்தில் 200 ரூபாய் எதற்கு என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனாலும் உங்களுக்குச் சேர வேண்டியதை விடாதீர்கள்.

கேள்வி: சம்பளத்தில் இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் பிடித்தார்கள். வேலை போன பிறகு பார்த்தால் கடைசி ஐந்து மாதம் கட்டவே இல்லை. முதலாளி "கட்டிடுவோம்" என்கிறார்.

பதில்: இது தாமதமல்ல, குற்றம். உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த பங்கு, கட்டும்படி அவரை நம்பி ஒப்படைத்த பணம் என்றே சட்டம் பார்க்கிறது. நம்பிக்கை மோசடிப் பிரிவிலும் இது வருகிறது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டில் பிடித்தம், பி.எஃப். பாஸ்புக்கில் வெறுமை, இந்த இரண்டும் போதும். இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள், ஒன்றில் கொடுத்தால் மற்றதற்குத் தெரியாது. 2025 நவம்பர் வரை இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 68-ஆவது பிரிவு, முதலாளி கட்டத் தவறியதால் பறிபோன பயனை இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வழி செய்தது. அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த வழி இருக்கிறது. "சந்தா இல்லை, போங்க" என்றால் இதைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

கேள்வி: வேலை ஆகஸ்டில் போனது. ஏப்ரலிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் போனேன். இப்போது நவம்பர். மகளுக்கு இழுப்பு. இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாமா, வேலை இல்லாதவர் என்று திருப்பிவிடுவார்களா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாவுக்கு உரிய பயன் காலம் (அந்தச் சந்தாவை வைத்துச் சிகிச்சை பெறும் காலம்) அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை. இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய சந்தாவின் பயன் காலம். கணினியில் உங்கள் எண்ணைத் தட்டினாலே தகுதி தெரிந்துவிடும். அட்டையையும் மகளின் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே கிளம்புங்கள். சீட்டு வாங்கும் வரிசை எட்டு மணிக்கெல்லாம் நீண்டுவிடும்.