வைரத்தில் ஒரு காலியிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குவாண்டம் கணினி பற்றிய கட்டுரையில், அதன் அடிப்படை அலகுகளான க்யூபிட்டுகளைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு (சுமார் −273 டிகிரி செல்சியஸ்) அருகே வைத்திருக்க வேண்டும், சிறு தொந்தரவும் அவற்றைக் கெடுத்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதோ ஒரு வைரத்துண்டுக்குள் இருக்கும் க்யூபிட், அறை வெப்பநிலையிலேயே காந்தப்புலத்தை அளக்கிறது என்று படிக்கிறேன். இது எப்படி முடியும்? எல்லாவற்றுக்கும் கலங்குகிற ஒன்று, எதனால் கலங்கியது என்று எப்படித் தெரியும்? அல்லது நிதி கிடைக்கும் என்பதற்காகக் ‘குவாண்டம்’ என்று பெயர் வைக்கிறார்களா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

வைரத்தில் ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அதை ஒட்டிய இடம் காலியாகக் கிடந்தால், அங்கே எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன. அவற்றைக் குட்டிக் காந்தங்கள் போல ஆக்கும் தற்சுழற்சி (ஸ்பின்) என்ற பண்புதான் இங்கே க்யூபிட். நகைக்கடைக்காரர் தேடும் காகபாதம், ரேகை போன்ற தோஷங்களில் இது சேராது. எந்தப் பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. ஜெர்மனியின் கெம்னிட்ஸில், யோர்க் ராக்ட்ரூப் இடம்பெற்ற குழு 1997-இல் இத்தகைய ஒற்றைக் குறையைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது.

குளிரின் கணக்கு இது. மின்தடையே இல்லாத மீக்கடத்தியால் ஆன க்யூபிட்டுகள் சுமார் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அறை வெப்பத்தை அதே அலகில் சொன்னால் 6,000 கிகாஹெர்ட்ஸைத் தாண்டும், அது அவற்றைக் கலக்கிவிடும் என்பதால்தான் குளிர் தேவை. வைரக் குறையின் நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் 2.87 கிகாஹெர்ட்ஸ்தான், அதுவும் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் பச்சை லேசரை ஒரு மைக்ரோ வினாடி அளவுக்குப் பாய்ச்சினால் தெளிந்துவிடுகிறது. கெட்டியான வைரப் படிகத்தின் அதிர்வுகள் தற்சுழற்சியை எளிதில் தொடுவதில்லை என்பதால், மறுபடி கலங்கச் சில மில்லி வினாடிகள் ஆகின்றன. அதற்குள் அளந்து முடித்துவிடலாம்.

எதனால் கலங்கியது என்று கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பச்சை ஒளி பட்டால் இந்தக் குறை சிவப்பாக ஒளிரும். சரியான அதிர்வெண்ணில் நுண்ணலை கொடுத்தால் மங்கும். காந்தப்புலம் இல்லாதபோது 2.87 கிகாஹெர்ட்ஸில் ஒரே மங்கல். புலம் வந்ததும் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் நகரும். குறையின் அச்சை ஒட்டி 50 மைக்ரோ டெஸ்லா, அதாவது பூமியின் புலம் அளவுக்கு இருந்தால், ஒவ்வொன்றும் 1.4 மெகாஹெர்ட்ஸ் விலகும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலோ இரண்டும் சேர்ந்தே சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். பிரிந்தால் காந்தம், கூடி நகர்ந்தால் வெப்பம். 2013-இல் ஹார்வர்டில் உயிருள்ள செல்லுக்குள் நானோ வைரத்தைச் செலுத்தி வெப்பநிலை பார்த்தது இந்த நகர்வைக் கொண்டுதான்.

‘உலகிலேயே மிக நுண்ணிய கருவி’ என்று வரும் செய்திகளை நம்பாதீர்கள். மீக்கடத்தியால் ஆன ஸ்க்விட் என்ற காந்தப்புலமானி இதைவிட மெல்லிய புலத்தை உணரும். வைரத்தின் பலம் நெருக்கம். சிறு காந்தத்தின் புலம் தூரத்தின் கன அளவில் குறையும். குளிரூட்டிய ஸ்க்விட் அளக்கும் பொருளிலிருந்து சற்று விலகியே நிற்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று இரைச்சலை அளக்கலாம், பேசுவது யார் என்று அறிய உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

1940-இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் செமர்கோனாவில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் பூமிக்கும் மூத்த, உருகி உறைந்த பாறை மணிகள் இருந்தன. அந்த மணிகள் உறைந்தபோது சூரியனைச் சுற்றியிருந்த வாயுத் தட்டில் காந்தப்புலம் எவ்வளவு இருந்தது என்பது கேள்வி. மணிகளின் மொத்தக் காந்தத்தை ஸ்க்விட் அளந்தது. ஆனால் அந்தக் காந்தம் பின்னாளில் எங்கோ ஒட்டிக்கொண்டதாக இருந்தால்? கல்லின் மெல்லிய சீவலை வைரத்தோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தபோது, இரும்புத் துணுக்குகள் பொதிந்த ஆலிவின் என்ற கனிமத்தின் பரல்களே அதைத் தாங்கி நிற்பது படமாகத் தெரிந்தது. 2014-இல் வெளியான விடை, சுமார் 54 மைக்ரோ டெஸ்லா, கூடக்குறைய 21. ஏறக்குறைய நம் காலடியில் இப்போது இருக்கும் அளவு.

நிதிக்காகப் பெயர் வைப்பவர்கள் உண்டு. வைரம் அந்தக் கூட்டத்தில் இல்லை, ஆனால் அதன் பெயரால் சொல்லப்படும் சில வாக்குறுதிகள் உண்டு. ஒற்றைக் குறையின் நிலையை அதன் ஒளியைக் கொண்டு ஒருமுறை படித்தால், சாதாரண அமைப்பில் சராசரியாக ஓர் ஒளித்துகள்கூடக் கருவிக்கு வந்து சேராது. ஆகவே திரும்பத் திரும்பப் படித்துச் சராசரி எடுக்கிறார்கள். மூளையின் புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்து அளக்க ரூபிடியம் ஆவியைப் பயன்படுத்தும் கருவிகள் வந்துவிட்டன. அங்கே வைரம் இன்னும் பின்தங்கியே நிற்கிறது.