இரண்டு இஸ்ரோ தலைவர்கள் வந்த ஊரில் சமவாய்ப்புப் பேச்சு எதற்கு?

“சிவன், நாராயணன் என்று குமரி மாவட்டமே இரண்டு இஸ்ரோ தலைவர்களைக் கொடுத்துவிட்டது. இன்னும் அறிவியலில் சமவாய்ப்பு என்று ஏன் புலம்ப வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

விவசாயி மகன் சிவன் தமிழ் வழியில் படித்து 2018-இல் அந்த நாற்காலிக்குப் போனது எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண்கூட உட்காரவில்லை. குளச்சல் கடற்கரையிலிருந்து முனைவர் பட்ட நேர்முகத்துக்குப் போன என்னிடம், பாடத்தைவிட என் ஆங்கில உச்சரிப்பைத்தான் அதிகம் கேட்டார்கள். அது கிடக்கட்டும்.

பேச்சிப்பாறை மலைக்காரர்களான காணிப் பழங்குடிகளைப் பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1987-இல் அகத்தியமலைக் காட்டில் நடந்த ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணிகளோ ஏதோ ஒரு காயை மென்றபடி சளைக்காமல் ஏறினார்கள். கேட்டதும் சொல்லவில்லை, குலரகசியம். பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து களைப்பு நீக்கும் ‘ஜீவனி’ மருந்து வந்தது. 1995-இல் அதைத் தயாரிக்க ஒரு மருந்து நிறுவனம் கொடுத்த உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய். அதிலும் விற்பனையில் வரும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அதை வாங்கிக்கொள்ள 1997-இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே மேற்கோள் காட்டும் ஏற்பாடு, சரி. ஆனால் ஆய்வை வடிவமைத்த மேசையில் காணி யாரும் இல்லை. தகவல் சொன்னவராகவே நின்றுவிட்டார். பணத்தில் பங்கு வேறு, ஆய்வகத்தில் இடம் வேறு. நான் கேட்பது இரண்டாவதை.