கோப்பையும் கொட்டகையும்
செட்டிநாட்டில் ஒரு மாலை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: பங்குனியில் மூன்று நாள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் தங்கப் போகிறோம். ஒரு நாள் மாலை நல்ல காக்டெயில், பிறகு மேடை நாடகம் என்று திட்டம். அங்கே இது நடக்குமா?
– வாசகி, சென்னை

நடக்கும். நீங்கள் தேர்ந்த மாதமும் சரியான மாதம். ஆனால் சென்னையில் ஏழு மணிக்கு நாடகம் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு பாருக்குப் போகும் வழக்கம் இங்கே ஒத்துவராது. செட்டிநாட்டுக் கிராமங்களில் ஸ்பெஷல் நாடகம் (ஓர் இரவுக்கென்று நடிகர்களைச் சேர்த்து நடத்தும் பாட்டு நாடகம்) இரவு பத்து மணியையொட்டித் தொடங்கி விடிய விடிய நடக்கும். அதனால் கோப்பை முதலில், கொட்டகை பிறகு. 6.30 மணிக்கு உட்கார்ந்தால் எட்டுக்குள் குடித்து முடியுங்கள். இடியாப்பமோ, வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலுமோ சாப்பிடுங்கள். கோளா உருண்டை, சுக்கா என்று இறங்கிவிட்டால் பதினொரு மணிக்கே கண் சொக்கும்.

நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது, முன்பதிவும் கிடையாது. கோயில் திருவிழாவுக்காக ஊர்க் கமிட்டி வைப்பது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். தை அறுப்பு முடிந்ததும் களைகட்டி, பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேடிப் பயனில்லை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலின் மாசி-பங்குனி விழா, குன்றக்குடியின் பங்குனி உத்திரம் ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் சுற்றுக் கிராமங்களில் விசாரியுங்கள். நடிகர்களின் படம் போட்ட நோட்டீஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும். இன்னும் உறுதியாக வேண்டுமானால் மைக் செட்காரரைக் கேளுங்கள். எந்த ஊரில் எந்த ராத்திரி என்பது அவர் கைக்கணக்கில் இருக்கும். தங்கும் விடுதிக்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

கேள்வி: ராத்திரி முழுக்க உட்கார எங்களால் முடியாது. இரண்டு மூன்று மணி நேரம்தான் என்றால் எந்தப் பகுதியைப் பார்ப்பது? நாடகம் வள்ளி திருமணம் என்று நோட்டீஸில் பார்த்தோம்.
– வாசகர், கோவை

வெளியூர்க்காரர்கள் பலர் பத்து மணிக்கு வந்து பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கதை தொடங்கும் நேரத்தில் எழுந்து போவதாக அது முடிகிறது. முதல் இரண்டு மணி நேரம் ஆர்மோனியக்காரரின் கடவுள் வாழ்த்து, பபூன் எனும் கோமாளியின் தனிக் காமிக், பிறகு பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் சேர்ந்து வரும் பகுதி. சிரிப்பு நிறைய இருக்கும். வள்ளியும் முருகனும் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். நள்ளிரவுக்கு மேல்தான் நாடகத்தின் உடல். ஆகவே எட்டரை மணிக்குப் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கி, 11.30க்குப் போய்ச் சேருங்கள். மூன்று மணி வரை இருந்தால் போதும், கை நிறையக் கிடைக்கும்.

அந்த நேரத்தில் எதைக் கவனிப்பது? தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுவாள். நாரதர் வருவார். இருவருக்கும் தர்க்கம் மூளும். இந்த மேடையின் உயிரே அந்தத் தர்க்கம்தான். இங்கே நிலையான நாடகக் கம்பெனி இல்லை. ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) வேறோர் ஊர், நாரதர் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்குத் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். ஒத்திகை இருக்காது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். நடுவில் யார் எந்தக் கேள்வியை வீசுவார்கள் என்பது மேடையேறும்வரை யாருக்கும் தெரியாது. ஒருவர் விருத்தத்தில், அதாவது தாளமில்லாமல் ராகம் இழுத்துப் பாடும் செய்யுளில், மடக்கினால் மற்றவர் அதே சுருதியில் பதில் சொல்லியாக வேண்டும். இருவரும் தேர்ந்தவர்களானால் தர்க்கம் மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஒருவர் பலவீனமாக இருந்தால் வசனம் நீளும், பாட்டு குறையும், சினிமா மெட்டு உள்ளே வரும். அப்படித் தெரிந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்; அடுத்து முருகன் வேடனாக வரும் காட்சி நிமிர்த்திவிடக்கூடும். அவர் விருத்தனாக, அதாவது கிழவனாக, வருவதும் யானையும் கல்யாணமும் விடியலை நெருங்கித்தான்.

இதை இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடியாகப் பாடிப் பேரெடுத்த மேடை இதே மேடைதான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றே உச்ச சுருதியில் பாடிப் பழகினார்கள். மைக் வந்த பிறகும் அந்தச் சுருதி இறங்கவில்லை. அதனால் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், அரை மணியில் காது அடைத்துவிடும். ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக, மேடையிலிருந்து ஏழெட்டு வரிசை தள்ளி இடம் பிடியுங்கள். ஆர்மோனியக்காரர் கண்ணாலேயே நடிகருக்குக் குறிப்புக் கொடுப்பது அங்கிருந்துதான் தெரியும்.

ஜமுக்காளம், ஒரு லிட்டர் தண்ணீர், டார்ச், பின்னிரவுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். அதைப் பார்த்து அமருங்கள். மறுநாள் அதிகாலை சென்னைக்குக் கிளம்பும் பல்லவன் ரயிலுக்கு மட்டும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மங்களம் பாடும் நேரமும் வண்டி கிளம்பும் நேரமும் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: விடுதி அறையில் நாங்களே கருப்பட்டி போட்டு ரம் காக்டெயில் கலந்தோம். பத்தே நிமிடத்தில் தண்ணீராகிவிட்டது, கசப்பும் தட்டியது. என்ன பிழை?
– வாசகர், பெங்களூரு

அநேகமாக மூன்று பிழைகள்: பாகு ஆறவில்லை, ஐஸ் சிறியது, எலுமிச்சையைத் தோலோடு நெரித்துப் பிழிந்திருக்கிறீர்கள்.

பாகிலிருந்து தொடங்குவோம். 200 கிராம் கருப்பட்டியைத் தட்டி 200 மில்லி தண்ணீரில் இளந்தீயில் கரையுங்கள். கரைந்ததும் இறக்கிவிட வேண்டும்; கம்பிப் பதம் வந்தால் ஐஸ் பட்டதும் அடியில் கட்டியாக உறையும். கருப்பட்டியில் மணலும் நாரும் இருக்கும், அதனால் துணியில் வடிகட்டுவது கட்டாயம். சூடாக இருக்கும்போதே கால் ஸ்பூன் சுக்குப்பொடி, மூன்று ஏலக்காயின் அரிசி சேர்த்து மூடி வையுங்கள். முழுக்க ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். காலையிலேயே செய்துவிட்டால் மாலையில் அவசரம் இருக்காது.

ஒரு கோப்பைக்கு டார்க் ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, பாகு 20 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. ஷேக்கர் இல்லாவிட்டால் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா போதும். ஆறு பெரிய ஐஸ் கட்டி போட்டுப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்கி, புதிய ஐஸ் உள்ள டம்ளரில் வடியுங்கள். மேலே 60 மில்லி சோடா. குலுக்கும்போது கொஞ்சம் ஐஸ் உருகத்தான் வேண்டும், அந்தத் தண்ணீரும் கணக்கில் சேர்ந்ததே. பொடி ஐஸ் போட்டால் மேற்பரப்பு அதிகம், அதனால் வேகமாக உருகும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி நீங்களே உறைய வையுங்கள். மீன்கடைக்கு வரும் பாளம் ஐஸ் குடிக்க ஆகாது.

கசப்புக்குக் காரணம் எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும். பழத்தை உள்ளங்கையால் உருட்டி, மெதுவாகப் பிழிந்து, கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படாமல் விடுங்கள். தேங்காய்ப்பாலோ பாயசமோ சேர்த்துப் பார்க்கலாமா என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எலுமிச்சை இருக்கும் கோப்பையில் இரண்டும் திரிந்துவிடக்கூடும்.

மது வேண்டாதவர்களுக்கு நன்னாரி சர்பத் 30 மில்லி, எலுமிச்சை 20 மில்லி, சோடா 150 மில்லி. பாகு சேர்க்க வேண்டாம், சர்பத்திலேயே இனிப்பு போதிய அளவு இருக்கும். இரவெல்லாம் விழித்திருக்கப் போகிறவர்களுக்கு ரம்மைவிட இதையே நாங்கள் சொல்வோம்.

கேள்வி: குடித்துவிட்டு நாடகத்துக்குப் போகலாமா? பதினைந்து கிலோமீட்டர்தான், காரை நானே ஓட்டிக்கொள்வேன்.
– வாசகர், ஓசூர்

ஓட்டாதீர்கள். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். நம் ஊர் ரம், விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். 60 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை வரம்பு தாண்ட வைக்க அந்த ஒரு பெக்கே போதும். உடல் அதை எரிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிடிபட்டால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. போகவர, காத்திருப்புக்கும் சேர்த்து ஒரு டிரைவரைப் பேசிக்கொள்ளுங்கள்.

கொட்டகை அம்மனின் திடல். விரதமிருந்து காப்புக் கட்டியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிலை அங்கே கொண்டுபோகவே கூடாது. வாடை அடிக்கும் அளவு குடித்திருந்தால் அன்று போகாமல் இருப்பதே மரியாதை.

பயணத் தேதியையும் பாருங்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மீலாது நபி ஆகிய நாட்களில் கடையும் பாரும் மூடியிருக்கும். பழைய வீட்டை விடுதியாக்கிய எல்லா இடத்திலும் பார் உரிமம் இருப்பதில்லை. அறை போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருபது பேர் சேர்ந்து ஒரு நாட்டுக்கோட்டை வீட்டை எடுக்கிறோம். வளவிலேயே (உள்முற்றத்திலேயே) ஒரு மணி நேரம் நாடகம் வைக்க முடியுமா?
– வாசகி, சிங்கப்பூர்

முடியும். வள்ளி–நாரதர் தர்க்கம் மட்டும் வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு நடிகர், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் என ஐந்து பேர் போதும். நாடக நடிகர் சங்கத்தின் வழியாகப் பேசுங்கள். சம்பளத்தோடு வண்டிச்செலவு, சாப்பாடு, ஒப்பனைக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி அறை மூன்றையும் முதலிலேயே உறுதி செய்யுங்கள். பெண் கலைஞர்களுக்கு அந்த அறை மிக முக்கியம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் மெருகேற்றிய சுவரிலும் குரல் முட்டி எதிரொலிக்கும், சொல் தெளியாது. மைக் வேண்டாம். தரை முழுக்க ஜமுக்காளம் விரித்தால் பாதி சரியாகிவிடும். நாடகம் தொடங்குமுன் கோப்பைகளை எடுத்து வீட்டின் பின்பகுதியான ரெண்டாங்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஐஸ் சத்தம் மிருதங்கத்தோடு மோதும்.

கேள்வி: நடிகர்களுக்குப் பணம் கொடுக்கலாமா? வீடியோ எடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

கொடுக்கலாம். மேடையோரம் இருக்கும் கமிட்டிக்காரரிடம் உங்கள் பெயரோடு கொடுத்தால் மைக்கில் சொல்லிச் சேர்ப்பார்கள். ஓடிப்போய் நடிகையின் கையில் திணிக்காதீர்கள். வீடியோவுக்குக் கலைஞரிடமே கேளுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். டான்ஸ் பகுதியை மட்டும் வெட்டி இணையத்தில் போடுவது அந்தப் பெண்ணுக்கு அவர் ஊரில் பெரும் தொல்லையாக முடிகிறது. பகிர ஆசைப்பட்டால், அனுமதி வாங்கி, தர்க்கத்தில் ஒரு விருத்தத்தை முழுதாகப் பகிருங்கள்; பாடியவரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.