திருப்பதி வீட்டு வாசலில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை

கேள்வி: வேற்று மொழி ஊரில் குடியிருந்தபோது, வாசலில் என்ன நடக்கிறது என்றே புரியாமல் திகைத்து நின்றதுண்டா?

உண்டு. திருப்பதிக்குக் குடிபோன நாலாவது மாதம்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். கணவருக்கு ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் திருப்பதியில் பழைய அபார்ட்மென்ட் ஒன்றில் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. கடைத்தெருவில் தமிழிலேயே காரியம் நடந்துவிடும் என்பதால் நான் தெலுங்கு கற்றுக்கொள்ள மெனக்கெடவில்லை.

மே மாதம், வெள்ளிக்கிழமை காலை ஆறரை இருக்கும். கணவர் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். பால் பொங்கி வருகிற நேரத்தில் கீழே இரும்புக் கேட்டைக் கழியால் அடிக்கிற சத்தம். கூடவே மேளம். அதற்கு மேல் பத்துப் பதினைந்து குரல்கள். அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்கு ஓடினேன்.

உடம்பு முழுக்கக் கரி பூசிய ஆண்கள், பையன்கள். இடுப்பைச் சுற்றி வேப்பிலை. எல்லோரும் எங்கள் கட்டடத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள். ‘ராரா’ என்பது மட்டும் ‘வாடா’ என்று புரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த வார்த்தைகளும் எனக்குத் தெரிந்தவைதான். மார்க்கெட்டில் சண்டை மூளும்போது காதில் விழுபவை, பிள்ளைகள் முன்னால் யாரும் சொல்லக் கூடாதவை. அவற்றை எட்டு வயதுப் பையன் ஒருவன் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்திலேயே நிற்கிற பெரியவர் அவனை அடக்கவில்லை.

யாரைத் தேடி வந்திருக்கிறார்கள்? கடன் தகராறா, சாதிச் சண்டையா, எதிர் வீட்டுப் பையன் யாருடைய பெண்ணையாவது அழைத்துக்கொண்டு வந்துவிட்டானா? மகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். கணவர் போனை எடுக்கவில்லை. 100க்கு அடிக்கப் போகும்போது அழைப்பு மணி அடித்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

“தொறம்மா, நான்தான். பயப்படாத. ஜாத்ரை நடக்குது. இன்னிக்கு தோட்டி வேஷம்.”

மேல் மாடிப் பாட்டியின் குரல். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. கதவைத் திறந்ததும் என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். “கங்கம்மா ஜாத்ரைம்மா. உனக்கு யாரும் சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை காய்கறி வாங்கப் போனபோது, உடம்பெல்லாம் வெள்ளை பூசிய இரண்டு பேரைப் பார்த்திருந்தேன். திருப்பதிதானே, யாரோ சாமியார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது பைராகி வேஷமாம். வியாழன் பண்ட வேஷம், உடம்பெல்லாம் குங்குமம். வெள்ளி தோட்டி, கரி. சனி தொர வேஷம், சந்தனம். ஞாயிறு மாதங்கி, திங்கள் சுண்ணாம்புக் குண்டலு, அதாவது சுண்ணாம்புப் பானைகள், செவ்வாய் பெரிய ஜாத்திரை. பாட்டி விரல் மடக்கிச் சொன்னார். இத்தனைக்கும் தாதய்யகுண்டா கங்கம்மா கோயிலைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். திருமலைப் பெருமாளுக்குத் தங்கை என்று ஊர் சொல்கிற அம்மன் அவள். ஜாத்திரைக்குத் தேவஸ்தானத்திலிருந்து சீர் வருகிறது.

“அந்தப் பசங்க யார திட்றாங்க பாட்டி?”

“பாலெகாட்ட திட்றாங்க. ஒளிஞ்சிக்கினு இருக்கான் இல்ல, வெளிய வரணும் இல்ல.”

பாலெகாடு என்றால் பாளையக்காரன். அந்தக் காலத்தில் இந்த ஊரை ஆண்டவன். வயசுக்கு வந்த பெண் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாதாம். கங்கம்மா ஒரு வீட்டுப் பெண்ணாக வளர்கிறாள். அவள் கையையும் பிடிக்கிறான். அவள் தன் சொந்த ரூபத்தைக் காட்டுகிறாள். அவன் ஓடி ஒளிகிறான். அவனைத் தேடி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷம் கட்டுகிறாள். தோட்டி என்றால் ஊருக்கு ஏவல் வேலை செய்கிற கடைநிலை ஆள். அந்த வேஷத்திலும் அவன் சிக்கவில்லை. தனக்கும் மேலான துரையாக வந்தபோதுதான், கும்பிடு போட வெளியே வருகிறான். அங்கேயே தலையை வெட்டிவிடுகிறாள். மறுநாள் மாதங்கியாக அவன் பெண்டாட்டியிடம் போய் ஆறுதல் சொல்கிறாள்.

கதையின் இந்தக் கடைசிப் பகுதி என்னை என்னவோ செய்தது. உள்ளறையிலிருந்து வந்து என் மடியில் உட்கார்ந்திருந்த மகள், “ஏன் ஆறுதல் சொல்றாங்க?” என்று கேட்டாள். “அவ என்னடி தப்பு பண்ணா” என்றார் பாட்டி.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள், வழி நெடுகத் தேங்காய் உடைபடும், கோயிலில் உடலோடு சேர்ப்பார்கள். புருஷன் சொல்லி மகன் வெட்டிய ரேணுகையின் தலை அது. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த திருவிழா, கண்ணீர் வராமல் ஒரு வருஷமும் பார்த்ததில்லை. எங்கள் கதையில் வெட்டுப்பட்டது அம்மனின் தலை. மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், அதே கங்கை, அதே மே மாதம், இங்கே அவள் வெட்டுகிறாள். 1911 வரை இரண்டு ஊரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். பெண்ணைப் பெற்றவள் நான். சின்ன வயதில் இந்தக் கதையையும் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு நிஜமாகவே ஏங்கினேன்.

கேட்டருகே கத்திக்கொண்டிருந்த பையன் பாட்டியைத் தேடி மேலே வந்தான். தண்ணீர் கேட்டான். சொம்பில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்தான், பாதி கழுத்து வழியாக இறங்கி, மார்பில் கரிக்கு நடுவே கோடு போட்டது. கண்ணிமை மட்டும் கரி இல்லாமல் இருந்தது. கீழே அத்தனை வார்த்தை பேசியவன், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு ஓடினான். சொம்பில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. மகள் தன் விரல்களை அதன் மேல் வைத்து அளந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதங்கி எங்கள் தெருவழியே வந்தபோது நானும் ஆரத்தித் தட்டோடு நின்றேன். புடவை கட்டி அம்மனாக வருபவர் கைகால வீட்டு ஆண். கைகால என்பது நம் கைக்கோளர்தான். நெசவு ஊரான குடியாத்தத்தில் எங்கள் தெரு முழுக்க அவர்கள். கற்பூரம் ஏற்றும்போது, எங்கிருந்தோ வந்து எங்கோ நிற்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் போயிற்று. அன்றைக்கு இருந்த கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாத் திருவிழாவிலும் இருப்பதுதான்.

மே மாதம் திருப்பதியில் புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேஷம் கட்டிய பையன்களை அதட்டாதீர்கள், தண்ணீர் கொடுங்கள். வெயில் பொசுக்கும், அவர்கள் வெறுங்காலில் வருகிறார்கள். வீட்டு ஓனர்கள் புதுக் குடித்தனக்காரர்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லலாம். நான் அன்று 100க்கு அடித்திருந்தால் அந்தச் சின்னப் பையனை அல்லவா போலீஸ் விரட்டியிருக்கும்.

அந்த வருஷம் சிரசுக்கு ஊருக்குப் போகப் பை எடுத்து வைத்திருந்தேன். சாட்டிம்பு என்று முதல் செவ்வாய் ராத்திரி மேளம் அடித்து அறிவித்த பிறகு, ஜாத்திரை முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத் தங்க மாட்டார்கள். நம் பக்கம் காப்புக் கட்டுகிற அதே முறை. போகலாமா என்று பாட்டியிடம் கேட்டேன். “நீ போய்ட்டு வாம்மா, அது எங்களுக்குத்தான்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் பஸ்ஸில் சித்தூர் தாண்டும்வரை அந்த ‘எங்களுக்கு’ உறுத்திக்கொண்டே வந்தது.

அடுத்த வருஷம் சாட்டிம்பு மேளம் எங்கள் தெரு முனைவரை கேட்டது. மறுநாள் அம்மா குடியாத்தத்திலிருந்து போன் செய்தார்.

“சிரசுக்கு எப்ப வர?”

“இல்லம்மா. இங்க சாட்டிட்டாங்க.”

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. பிறகு, “அப்ப சரி, இரு” என்றார்.