தீ பட்ட காட்டுத்தரை திரும்பப் பச்சையாகுமா?

கேள்வி: மார்ச்ல தெப்பக்காட்டுலருந்து மசினகுடி போறப்ப ரோட்டோரம் தரையெல்லாம் கருகிக் கெடந்துச்சு, மரம் மட்டும் நிக்குது. கீழ இருந்த செடியெல்லாம் திரும்ப வருமா? ஃப்ரெண்ட்ஸோட போய் விதைப்பந்து வீசலாமா?
- வாசகி, கோவை

பதில்: கண்டிப்பா வருங்க. ரோட்டை ஒட்டி பட்டையா மட்டும் எரிஞ்சிருந்தா அது பெரும்பாலும் வனத்துறையே எரிச்சு விடுற தீத்தடுப்புக் கோடா இருக்கும். உள்ள வரைக்கும் எரிஞ்சிருந்தாலும் மரத்தோட மேல்கிளை கருகலைன்னா அது தரையோட ஓடின லேசான தீதான், சருகையும் காஞ்ச புல்லையும் தின்னுட்டுப் போயிருக்கும், மண்ணுக்குள்ள ரெண்டு மூணு இன்ச்சுக்குக் கீழ சூடு பெருசா இறங்கியிருக்காது. நிலப்பனை, கண்வலிக்கிழங்கு எல்லாம் அந்த நேரம் இலை காஞ்சு வெறும் கிழங்காதான் உள்ள இருக்கும், மழை விழுந்ததும் முளைச்சிடும். புல்லு இன்னும் வேகம். கருகின தூரை விலக்கிப் பாத்தா நடுவுல குருத்து உயிரோட இருக்கும், ஒரு கோடைமழை போதும், அந்தத் தளிருக்காகவே புள்ளிமானும் காட்டெருமையும் எரிஞ்ச இடத்தைத் தேடி வரும்.

எனக்கு ரொம்ப ஆச்சரியம் மரக்கன்னுங்கதான். முழங்கால் உயரக் கன்னோட தண்டு தீயில செத்துடும், வேர் சாகாது, அடுத்த மழைக்கு வேர்க்கட்டையிலருந்து புதுத் தண்டு விடும், திரும்ப எரியும், திரும்ப விடும், இப்படியே வருஷக்கணக்கா போகும், பாக்க சின்னக் கன்னு ஆனா கீழ வேர் தண்டைவிட ரொம்பத் தடியா இருக்கும். நடுவுல சில வருஷம் தீ வரலைன்னா அந்த வேர்ல சேத்து வெச்ச சத்துல மளமளன்னு தீ எட்டாத உயரத்துக்குப் போயிடும். வருஷாவருஷம் எரிஞ்சா அது மரமாவே ஆகாது, அதான் பயம்.

இன்னொண்ணு உண்ணிச்செடி, அதாவது லாண்டானாங்கிற வெளிநாட்டுப் புதர். அதுவும் வேர்லருந்து தளிர்க்கும், காஞ்ச புதர் தீயை மேல ஏத்திவிட்டு லேசான தீயையும் பெருந்தீ ஆக்கிடும். கர்நாடகா பிலிகிரிரங்கன் மலையில இருக்குற சோளகர் பழங்குடிகள் முன்னாடியெல்லாம் கோடை முத்துறதுக்குள்ள சருகை மட்டும் லேசா எரிச்சு விடுவாங்க, அதை நிறுத்தினப்புறம்தான் உண்ணிச்செடியும் நெல்லிமரத்துல புல்லுருவியும் பெருகிடுச்சுன்னு சொல்றாங்க. அவங்க பேச்சைக் கேக்கணும்னுதான் நான் நினைக்கிறேன்.

விதைப்பந்து வேண்டாங்க. அது முதுமலை புலிகள் காப்பகம், அனுமதியில்லாம இறங்கவே கூடாது, அங்க இல்லாத விதை போனா அது வேற தொல்லை. ஏதாவது செய்யணும்னா மாதேஸ்வரன் மலைப் பக்கம் சோளகர்கள் உண்ணிக்குச்சியில செய்யுற நாற்காலி, மேசை வாங்குங்க, அதுக்காக வெட்டுற ஒவ்வொரு புதருக்கும் காட்டுல தீக்கு இரை குறையும்.