“நாளைக்கே வாரண்ட் வரும்” என்று மிரட்டுகிறார்கள், என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பல, கடன் வசூலுக்கு வருகிறவர்களைப் பற்றியவை. அதனால் பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்களுக்கு எட்டுத் தறி இருக்குதுங்க, கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். போன வருஷம் மோட்டார் மாற்றவும் மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் என் பெயரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 1,80,000 ரூபாய் பர்சனல் லோன் எடுத்தோம். பதினோரு டியூ தவறாமல் கட்டினேன். அப்புறம் பாவு நூல் வராமல் மூன்று மாதம் தறி நின்றுவிட்டது, இப்போது நான்கு டியூ பாக்கி. காலை ஆறரைக்கே போன் வருகிறது. என் தம்பியின் மாமனாருக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஒறம்பரை முகத்தில் விழிக்க முடியவில்லை. நேற்று வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரை போட்டுக் கைது வாரண்ட் என்று ஒரு காகிதம் வந்தது. நாளைக்குள் கட்டாவிட்டால் போலீஸ் கூட்டிப்போகுமாம். நிஜமாகவே கூட்டிப்போய்விடுவார்களா?
– வாசகி, பல்லடம் பக்கம்

பதில்: மாட்டார்கள் அம்மணி. முதலில் இன்று ராத்திரி தூங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே முத்திரை இருக்கிறது, ‘மாண்புமிகு நீதிமன்றம்’ என்று இருக்கிறது, ஆனால் எந்த ஊர் நீதிமன்றம் என்று இல்லை. வழக்கு எண் இல்லை. நீதிபதி கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘லீகல் டீம்’ என்று இருக்கிறது. கடைசியில் ஒரு கியூஆர் கோடு. பணம் கட்டச் சொல்லிக் கியூஆர் கோடு ஒட்டி எந்தக் கோர்ட்டும் வாரண்ட் அனுப்பாது. அந்தக் காகிதத்தை அழித்துவிடாதீர்கள், அது அவர்கள் செய்த தப்புக்கு உங்கள் கையில் இருக்கிற சாட்சி.

நிஜமான சம்மன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர், எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, நீங்கள் எந்தத் தேதியில் ஆஜராக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும், கோர்ட் சீல் இருக்கும், கூடவே அவர்கள் போட்ட பிராதின் நகலும் இருக்கும். கோர்ட் அமீனா நேரில் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவார், அல்லது தபாலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். சந்தேகமாக இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டத்தையும் உங்கள் பெயரையும் போட்டுத் தேடுங்கள். வழக்கு பதிவாகியிருந்தால் அதற்கென்று 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும், தமிழ்நாட்டு வழக்கென்றால் டி.என். என்று தொடங்கும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது வேறு, அது கோர்ட் காகிதமே அல்ல, கம்பெனிக்காக ஒரு வக்கீல் எழுதுகிற கடிதம். அதற்கும் பதில் போடலாம், போடுவதுதான் நல்லது.

வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். அவர்கள் தாவா (சிவில் வழக்கு) போட வேண்டும், உங்களுக்குச் சம்மன் வர வேண்டும், 30 நாளுக்குள் உங்கள் தரப்பை எழுதிக் கொடுக்க இடம் இருக்கிறது, விசாரணை நடந்து டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) ஆன பிறகுதான் நிறைவேற்று மனு, ஜப்தி என்ற பேச்செல்லாம். பணம் கட்டச் சொல்லும் டிகிரிக்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவே சொல்கிறது. ஆண்களையும் எடுத்த எடுப்பில் வைக்க முடியாது, கையில் வசதி இருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும். வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. சமையல் பாத்திரம், படுக்கை, கட்டிய துணி, கழுத்துத் தாலி இவற்றை ஜப்தி செய்யவும் முடியாது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லோன் எடுக்கும்போது செக் கொடுத்திருந்தால், அல்லது மாதாமாதம் கணக்கில் இருந்து தானாகப் பிடிக்கக் கையெழுத்துப் போட்டிருந்தால், அது பணமில்லாமல் திரும்பும்போது குற்ற வழக்குப் போட வழி உண்டு. செக் என்றால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு, தானாகப் பிடிப்பது என்றால் பணப் பட்டுவாடா, தீர்வு முறைகள் பற்றிய 2007-ம் வருஷச் சட்டத்தின் 25-வது பிரிவு. அதற்கும் முறை இருக்கிறது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கைக்குக் கிடைத்த பின் பணம் கட்ட உங்களுக்கு 15 நாள் உண்டு, அதற்குப் பிறகுதான் கோர்ட். அங்கேயும் சம்மனுக்குப் போய் நின்றால் வாரண்டுக்கு வேலை இல்லை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆகவே அப்படிப்பட்ட நோட்டீஸ் வந்தால் அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சரி, போன் தொல்லைக்கு வருவோம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, பொய் சொல்லி மிரட்டுவது எல்லாமே அதில் தடை. ஏஜென்ட் செய்தாலும் பொறுப்பு கம்பெனிக்குத்தான். அடுத்த தடவை கூப்பிட்டால் சண்டை போடாதீர்கள், அழவும் வேண்டாம். “உங்கள் பெயர், ஐடி நம்பர், எந்த ஏஜென்சி சொல்லுங்க. கடன் வாங்கினது உண்மை, தறி ஓடினதும் கட்டுவேன். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்க.” இவ்வளவு போதும், வைத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு, எந்த நம்பரில் இருந்து, என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முடிந்தால் பதிவு செய்து வையுங்கள். ஏஜெண்டின் சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டுவதை லோன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

அப்புறம் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு கடிதம் போடுங்கள், மெயிலிலும் தபாலிலும். தறி நின்ற மூன்று மாதம், இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும், டியூவைக் குறைத்துத் தவணையை நீட்டித் தர முடியுமா, இதைச் சுருக்கமாக எழுதுங்கள். அந்தப் போலி வாரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைகேட்பு அதிகாரி) புகார் செய்யலாம், காசு செலவில்லை, 14448-ல் கேட்டால் வழி சொல்வார்கள். வீட்டுக்கு வந்து மிரட்டினால் காத்திருக்க வேண்டாம், நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுங்கள். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தறிக்காரர் வந்தார், ஐம்பது வயதிருக்கும். மஞ்சப்பையில் இருந்து ஒரு சம்மனை எடுத்து மேசையில் வைத்தார், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை. வீட்டில் யாரும் பார்க்கக் கூடாதென்று தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம், ஒரு வருஷத்துக்கு மேல். அதற்கு முன்னால் வசூல்காரர்கள் கோர்ட், கோர்ட் என்று மிரட்டி மிரட்டி, நிஜமான கோர்ட் காகிதம் வந்தபோது பிரித்துப் படிக்கக்கூடத் தெம்பில்லை அவருக்கு. அவர் ஆஜராகாததால் ஒருதலையாக எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகி, வீடு இருந்த ஐந்து சென்ட் ஜப்திக்கு வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். கணக்கைப் பார்த்தால் அவர் கட்டிய 23,000 ரூபாய் வரவே வைக்கப்படவில்லை. முதல் வாய்தாவுக்கே வந்து ரசீதுகளைக் காட்டியிருந்தால் அங்கேயே கழிந்திருக்கும். எக்ஸ்பார்ட்டி டிகிரியை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டும், அதுவும் தாண்டிப்போய், தாமதத்துக்குக் காரணம் சொல்லி, இரண்டு வருஷம் நடந்தோம். போனில் வருகிற மிரட்டலையும் கோர்ட்டில் இருந்து வருகிற தபாலையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது அவரை நினைத்துத்தான்.

கேள்வி: 2018 ஜூனில் தெரிந்த ஒருவரிடம் மஞ்சள் வெள்ளாமைக்கு 2 லட்சம் புரோநோட்டுக்கு வாங்கினேன். ஒரு வருஷம் வட்டி கையில் கொடுத்தேன், நோட்டில் எதுவும் எழுதவில்லை. விலை விழுந்ததில் அப்புறம் முடியவில்லை. இப்போது ஆள் வைத்துக் கேட்கிறார். “ஆயிரம் ரூபாய் கொடுத்து, நோட்டுக்குப் பின்னாடி ஒரு கையெழுத்துப் போடுங்க, இல்லாவிட்டால் கோர்ட்” என்கிறார்கள். போடலாமா?
– விவசாயி, கொடுமுடி

பதில்: போடாதீர்கள், ஒரு வக்கீல் அந்த நோட்டைப் பார்க்கும் வரை.

கேட்டதும் கொடுக்க வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியில் இருந்து மூன்று வருஷம்தான் கெடு. கெடுவுக்குள் பணம் கொடுத்து, அது உங்கள் கையெழுத்தோடு பின்னால் வரவு எழுதப்பட்டால் அந்தத் தேதியில் இருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். நம் பக்கம் நோட்டு வாங்கி வைத்திருக்கிறவர்கள் மூன்று வருஷம் முடியும் முன்னால் வந்து நூறோ இருநூறோ வரவு வைத்துப் போவது இதற்காகத்தான். உங்கள் நோட்டில் அப்படி எதுவும் இல்லை என்றால், கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துவிட்ட காலத்தை (15.3.2020 முதல் 28.2.2022 வரை) சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 2023 நடுவிலேயே கெடு முடிந்துவிட்டது. கெடு முடிந்த கடனையும், “கொடுக்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடும். அவர்கள் கேட்கிற ஆயிரம் ரூபாய்க்குப் பின்னால் இருப்பது அதுதான். தேதி போடாத இடத்தில் கையெழுத்துக் கேட்டால் இன்னும் ஆபத்து, பழைய தேதியை நிரப்பிக்கொள்ள முடியும்.

கெடு முடிந்தாலும் அவர் தாவா போடலாம். சம்மன் வந்தால் போய், கெடு தாண்டிவிட்டது என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

சட்டம் இவ்வளவுதான். என் அபிப்பிராயத்தையும் கேட்டால், அவர் நியாயமான வட்டிக்கு, உங்கள் அவசரத்துக்குக் கொடுத்தவர் என்றால் அசலையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள், கொடுத்து முடித்ததும் நோட்டைக் கையில் வாங்கிக் கிழித்துப் போடுங்கள். அதை நீங்களாகச் செய்யுங்கள், ஆள் வைத்து வாசலில் நிற்கிறவர்களுக்காக அல்ல. அவர் வாங்கியது கந்துவட்டி என்றால் பேச்சே வேறு. 2003-ம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

கேள்வி: அப்பா போன மாசி மாதம் இறந்துவிட்டார். அவர் வாங்கிய லோனை மகன் நான்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் என் மீது கேஸ் என்கிறார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, எனக்கு அந்த லோன் விஷயமே தெரியாது.
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, நீங்கள் அதில் ஜாமீனாகவோ கூட்டாகவோ கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், லோன் அக்ரிமென்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். போட்டிருந்தால் நீங்களும் பொறுப்பு. போடவில்லை என்றால், அப்பாவிடம் இருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் அவர்கள் கேட்க முடியும், உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. லோன் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருக்கிறார்களா என்றும் அந்தக் காகிதத்தில் தேடுங்கள். பல லோன்களில் பிடித்திருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. இருந்தால் இறப்புச் சான்றிதழை வைத்து உடனே கிளெய்ம் போடுங்கள்.

கேள்வி: மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. போனால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்களா? வக்கீல் வைக்க வசதி இல்லை.
– வாசகி, கரூர்

பதில்: போங்கள், பிடித்து வைக்க மாட்டார்கள். அது சமரசம் பேசுகிற இடம், தீர்ப்புச் சொல்லித் தண்டிக்கிற இடம் அல்ல. வட்டியையும் அபராதத்தையும் தள்ளிக் கேட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைப்பது அரிது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் அங்கே யார் அவசரப்படுத்தினாலும், மாதம் உங்களால் நிச்சயம் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள். ஒத்துவரவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், அதற்காக யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வக்கீலைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், இல்லையென்றால் 15100-க்குப் போன் போடுங்கள். நோட்டீஸில் இருக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். கட்டிய ரசீதுகள், பாங்க் பாஸ்புக், லோன் காகிதம், ஆதார் நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.